பூட்டியிருந்ததாக நான் எழுதிய கடை

"நேர்ல போனியாம்மா, இல்ல டீக்கடையில ஒக்காந்துக்கினே ரொப்பிட்டியா?"

படிவங்களைப் புரட்டிக்கொண்டே மேற்பார்வையாளர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்தா இப்படிக் கேட்பது! "ரெண்டு தடவை நேர்ல போனேன் சார்" என்றேன். குரலில் கோபம்கூட இருந்தது.

பொய். ஒரு தடவைதான் போனேன். அப்போது கடை திறந்திருந்தது. திறந்திருந்த கடையை, இரண்டு தேதி போட்டு, "பூட்டியிருந்தது" என்று எழுதியவள் நான். ஏன் அப்படி எழுதினேன் என்று எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

உங்களிடம் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரானதிலிருந்து எதையாவது இடித்து அகலப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சின்னத் தெருவுக்கும் முறை வந்தது. பழைய கடைகளை இடித்துவிட்டு மாடிக் கட்டடம். இப்போது கடை நடத்துகிறவர்களுக்கு அதில் இடம். யார் யார் நடத்துகிறார்கள் என்று கடை கடையாகப் போய் எழுதும் தற்காலிக வேலை எனக்குக் கிடைத்தது. இரண்டு முறை போயும் பூட்டியிருந்தால் அது நடக்காத கடை. இடம் கிடையாது.

விதி எனக்கு நன்றாகத் தெரியும். என்னோடு வேலைக்கு வந்தவளுக்கு அதை விளக்கியவளே நான்தான்!

அந்தத் தெருவில் ரோஸ்லின் அக்காவின் துணிக்கடை இருக்கிறது. ரவிக்கைத் துணி, லைனிங், பாவாடைத் துணி, பள்ளிச் சீருடை. எட்டடி அகலம். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் நிறம் சரியாகத் தெரியாது என்பதால், வாங்க வந்தவரின் சேலையையும் துணியையும் தெருவுக்குத் தூக்கி வந்து வெயிலில் சேர்த்துப் பிடித்துக் காட்டுவார். "சூரியன் பொய் சொல்லாது, நல்லா பாத்துக்க" என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எட்டாவது வரை சீருடை இலவசமாகக் கிடைத்தது. ஒன்பதாவதுக்கு வாங்க வேண்டும். அம்மா என்னை ரோஸ்லின் அக்கா கடை வாசலில் நிறுத்திவிட்டு, வாய் திறக்காமல் நின்றாள். அக்காவே புரிந்துகொண்டார். இரண்டு துணி உருளைகளின் கடைசித் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒரே நீலமில்லை.

"முன்னாடி ஒரு நெறம், பின்னாடி ஒரு நெறம். பெஞ்சில ஒக்காந்துட்டா யாருக்குடி தெரியப்போவுது?" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

அதைப் போட்டுக்கொண்டுதான் படித்தேன். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கினேன். அக்காவுக்கு அதில் அளவில்லாத பெருமை! எங்கே பார்த்தாலும், யார் கூட இருந்தாலும், "இந்தப் புள்ளைக்கு ஒம்பதாவதுல நாந்தான் துணி குடுத்தேன், பாருங்க எப்பிடி ஆயிட்டா!" என்பார். அதில் துளி கெடுதல் இல்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும், தூரத்தில் அவரைக் கண்டாலே நான் தெரு மாறுவேன்.

கணக்கெடுப்பில் என்னோடு வந்தவள் மேகலா. அப்பா தலைமையாசிரியர். சென்னையில் படித்தவள். முதல் நாளே என் வீட்டைப் பற்றிக் கேட்டாள். "கச்சிராயபாளையம் பக்கம், கரும்பு விவசாயம்" என்றேன். அப்பாவும் அம்மாவும் வெட்டுவது அடுத்தவர் கரும்பை என்று சொல்லவில்லை.

அன்றைக்கு நாங்கள் அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது, அக்கா நடுத்தெருவில் நின்று ஒரு மாம்பழ நிறத் துணியை வெயிலில் விரித்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன சொல்வார் என்று எனக்கு மனப்பாடம்!

"அந்தக் கடை?" என்றாள் மேகலா.

"அத சாயங்காலம் நானே பாத்துக்கறேன், நீங்க வாங்க."

சாயங்காலம் போயிருக்கலாம். போகவில்லை. மறுநாள் மேகலா கூடவே இருந்தாள். அதற்கு அடுத்த நாள் படிவங்களைக் கேட்டார்கள். ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸில், மடியில் வைத்து அந்த ஒரு படிவத்தை நிரப்பினேன். திறந்திருந்தது என்று எழுதினால் அக்காவின் கையெழுத்து வேண்டும்; பூட்டியிருந்தது என்றால் வேண்டாம். பஸ் குலுங்கியது. ஆனாலும் கையெழுத்து அழகாகவே விழுந்தது...

ஒரு துண்டுத் துணிக்காக ஒருவரின் கடையையே எடுத்துவிட முடியுமா? முடிந்தது. நான் எடுத்தேன்.

பட்டியல் ஒட்டினார்கள். பத்து நாள் கழித்து, பஸ் நிறுத்தத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். கைபேசியில் பட்டியலின் படம்.

"எங்கடை மட்டும் இல்லடி. பூட்டிக்கெடந்துச்சுன்னு எவனோ எழுதிட்டானாம். நீ படிச்ச புள்ள, இன்னான்னு பாரு."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவரே யோசித்துச் சொன்னார்.

"மாமியாருக்கு முடியலன்னு நைனார்பாளையம் போனேனே, ரெண்டு நாளு... கடைசியா மொகத்த பாத்துட்டு வந்தேன். அப்ப வந்துட்டுப் போயிருப்பாங்களோ?"

"இருக்கும்க்கா."

"எம்மேலதான் தப்பு. கடைய வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாது."

என்ன மனிதி நான்! சாகக் கிடந்தவரைப் பார்க்கப் போனது தப்பு என்று ஒருத்தி என் முன்னால் தன்னையே திட்டிக்கொள்கிறாள். நான் தலையாட்டினேன். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

போன மாதம் கடைச் சுவர்களில் இடிப்பதற்கான எண்கள் எழுதினார்கள். ஆட்சேபம் சொல்லும் கெடு முடிந்திருந்தது. அதன் பிறகுதான், பாருங்கள், அதன் பிறகுதான், எனக்கு எழுதத் தோன்றியது. கடை திறந்திருந்தது, பதிவு பொய், எழுதியவள் நான் என்று அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அதிகாரி, "இப்ப வந்து சொல்றியே... பாக்கலாம்" என்றார். கணக்கெடுப்புக்குப் பிறகும் தொடர்ந்த அந்தத் தற்காலிக வேலைக்கு இனி வர வேண்டாம் என்று மறுநாள் சொன்னார்கள். கடைக்கு இடம் உண்டா இல்லையா என்று மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். ரவிக்கைத் துணிக்காக இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். அக்கா கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"நான் இன்னாடி பண்ணேன் ஒனக்கு?"

துணி கொடுத்தீர்கள் அக்கா. அதை எல்லோரிடமும் சொன்னீர்கள். அவ்வளவுதான். வாய்வரை வந்தது. அந்த இரண்டு பெண்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலக்கா" என்றேன்.

உண்மையைச் சொல்லத்தான் போனேன். அங்கேயும் ஒரு பொய்!

"எத்தினி மீட்டரும்மா சொன்ன?" என்று அக்கா அந்தப் பெண்களிடம் திரும்பிக்கொண்டார். அதிலிருந்து அக்கா என்னைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று அம்மா சொன்னாள். நான் இத்தனை வருடம் ஆசைப்பட்டது அதுதானே... கிடைத்துவிட்டது.

அலுவலகக் கடிதத்தில் காரணம் இல்லை. இதில் இருக்கிறது. கரும்பு, மேகலா, இரண்டு நீலம், பஸ் நிறுத்தத்தில் தலையாட்டியது, எதையும் விடவில்லை. இதே பக்கங்களை இன்னொரு படி எடுத்து, இன்று காலை அவர் வருவதற்கு முன்னால் கடையின் ஷட்டருக்கு அடியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அவர் படித்து முடித்திருப்பார்.