பித்தளைத் துண்டு வரைக்கும்

"குமரேசன் போயிட்டாரும்மா" என்று பாஸ்கர் அண்ணன் போனில் சொன்னபோது, "எங்க, மைசூருக்கா?" என்று கேட்டேன். கல்லூரி போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். நான் கீபோர்டு வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர் பாஸ்கர் அண்ணன். போன மாதம்தான் 'இன்று கச்சேரி ரத்து' என்று பொய்யாக ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி, அவரைப் பாதி வழியில் திரும்ப வைத்திருந்தேன். அதற்குப் பழி வாங்குகிறார் என்றே நினைத்தேன். "காலையில பட்டறைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு நித்யா," என்றார். மற்றவர்களுக்கு நான் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேணாம்மா. நீ சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நானே சொல்லிக்கிறேன்."

பதினெட்டு வயதுக்குள் நான் சம்பாதித்து வைத்திருந்த பெயர் அது. அன்றைக்குத்தான் அது எனக்கே கசந்தது.

குமரேசன் அண்ணனை உங்களில் பலருக்கு மேடையில் ட்ரம்ஸுக்குப் பின்னால் பார்த்துத்தான் பழக்கம். பகலில் அடுகோடி ஏரியாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். சாயங்காலம் எங்களோடு கல்யாண வரவேற்பு, கன்னட ராஜ்யோத்சவ விழா மேடை, கணேசர் பந்தல். வாசிக்கும்போது வாயைப் பிளந்து கூடவே பாடுவார். அவர் முன்னால் மைக் இல்லாதது கேட்பவர்கள் செய்த புண்ணியம். இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். "அதான் ட்ரம்ஸ் கத்துக்கிட்டேன். என் பாட்டை அமுக்க வேற வழி தெரியல," என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவர் காதில் ரீங்காரம் ஆரம்பித்தது. பகலெல்லாம் லேத், மேடை ஏறினால் முதுகுக்குப் பின்னால், மற்றவர்கள் வாசிப்பதை அவருக்குக் கேட்க வைக்கும் பெரிய மானிட்டர் ஸ்பீக்கர். இப்படியே போனால் காது மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இது தெரிந்ததும் பாஸ்கர் அண்ணன் ஒத்திகையில் மெதுவாக ஆரம்பித்தார்.

"குமரேசா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். எலக்ட்ரானிக் பேட் ஒண்ணு வாங்கிடலாம். தட்டினா போதும், எல்லா சத்தமும் அதுவே குடுக்கும்."

"அப்ப நான் எதுக்கு?"

"அதான் யோசிக்கிறேன்."

குமரேசன் அண்ணன் குச்சிகளைப் பையில் போட்டார். "கணேசர் சீசன் வரைக்கும் டைம் குடு. ஸ்பீக்கரே இல்லாம வாசிச்சுக் காட்றேன். முடியலன்னா உன் பேட்டை வாங்கிக்க."

அப்படித்தான் காதுக்குள் செருகிக்கொள்ளும் மானிட்டரைத் தேடும் படலம் தொடங்கியது. பெரிய பாடகர்கள் தங்கள் காதுக்கு அச்செடுத்துச் செய்துகொள்வதன் விலையைக் கேட்டதும், "அந்தக் காசுக்குப் புதுக் காதே வாங்கலாமே," என்றேன். வயரில்லாததும் வேண்டாம் என்றுவிட்டார். "நடந்து பாடறவங்களுக்கு அது. நான் ட்ரம்ஸை விட்டுட்டு எங்க ஓடப்போறேன்? எனக்கு வயர் போதும்." பாதிச் செலவு அந்த ஒரு வாக்கியத்தில் குறைந்தது.

எஸ்.பி. ரோட்டில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் மூன்று ஜோடி எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாகக் காதில் செருகிக்கொண்டு, அண்ணன் கடை நடுவில் வாயை ஆவென்று திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தலையை இடமும் வலமும் உதறினார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏனு, ஹல்லு நோவா?" என்று கன்னடத்தில் கேட்டார். பல்வலி என்று நினைத்துவிட்டார். "இல்ல சார், பாடறார். நல்லவேளை, சத்தம் வரல," என்றேன்.

விஷயம் தெரிந்த பிறகு சிரிப்பு நின்றது. பாடத் தாடையை அசைக்கும்போது காதுக்குள் இருக்கும் ரப்பர் கொஞ்சம் விலகினாலும் போதும். பேஸ் என்கிற கனத்த அடிநாதம் காணாமல் போகும், வெளிச் சத்தம் உள்ளே வரும். உடனே கை தானாக வால்யூமைக் கூட்டும். காதைக் காப்பாற்ற வாங்கியதே காதைத் தின்றுவிடும். "இதுல ரொம்ப பேஸ் இருக்கு சார், சக்கத்தா இருக்கும்," என்று கடைக்காரர் விலை அதிகமானதை நீட்டினார். "எனக்கே காது குத்தாதீங்க," என்றார் அண்ணன். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். முந்திக்கொண்டார்.

மூன்றையும் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கேட்டார். யார் கொடுப்பார்கள்? ஸ்கூட்டரைக் கடை வாசலிலேயே நிறுத்தி, சாவியைக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டு, என்னோடு பஸ்ஸில் திரும்பினார். வழியெல்லாம் "வண்டி போன குமரேசன்" என்று நான் பாடிக்கொண்டு வந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் அடுகோடிப் பட்டறையில்தான் பரீட்சை. லேத்தை ஓடவிட்டு ஒவ்வொன்றையும் காதில் போட்டார். நான் ஒரு சின்ன டேப் ரிக்கார்டரில் எங்கள் ஒத்திகைப் பாட்டை வைத்து, சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். எதுவரை பாட்டு கேட்கிறது என்று விரலால் காட்டினார். விலை அதிகமானது முதலிலேயே விழுந்தது. ஜெயித்தது மஞ்சள் பஞ்சு முனை வைத்த, பார்க்கச் சகிக்காத, மூன்றிலும் மலிவான ஜோடி. அதன் வயர் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் இறங்கியது. கை வீசினால் குச்சியில் மாட்டாது. "சத்தமா கேக்கறது பெரிசில்ல வாலு. சத்தம் கம்மியா வெச்சும் கேக்குதா பாரு, அதான் நல்ல சாமான்." இப்போதும் யாராவது என்னிடம் எதை வாங்குவது என்று கேட்டால் இதைத்தான் சொல்கிறேன், என் சொந்தச் சரக்கு மாதிரி.

இயர்போனைச் செருக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் பெட்டி. அதன் குமிழுக்குப் பக்கத்தில் ஊசியால் ஒரு கோடு கீறினார். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கணேசர் சீசன் வந்தது. மானிட்டர் ஸ்பீக்கர் மேடைக்கு வரவில்லை, அண்ணன் வந்தார். பேட் பேச்சு அடங்கியது. என் பக்கத்தில் இருந்த மைக் அவர் காதுக்கு மட்டும் போகும்; பாட்டு வரிசை சொல்வதற்காக. காதும் காதும் வைத்த மாதிரி அதில் நான் கிசுகிசுத்த கிண்டல்களுக்கு அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழுந்ததில்லை. ஸ்நேர் ட்ரம்மின் விளிம்பில் 'டக்' என்று ஒரு அடி, அவ்வளவுதான். அதுதான் சிரிப்பு.

இனி நான் எழுத விரும்பாதது. ஈஜிபுரா கணேசர் பந்தல். அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் பெட்டியின் குமிழை முழுக்கத் திருப்பி வைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து காதில் மாட்டியதும், கீபோர்டில் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தத்தை அழுத்தினேன். அவர் கையிலிருந்து குச்சி விழுந்தது. அவர் குச்சி விழுந்து நான் பார்த்ததே இல்லை. இயர்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தாளம் பிடிக்க, பேஸ் வாசிக்கும் என் இடது கை விரல்களைப் பார்த்தபடியே கச்சேரி முழுவதும் வாசித்தார். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நான்கு நாள் கழித்துப் பட்டறைக்குப் போனேன். "ஸாரிண்ணா," என்றேன்.

"என்ன?"

இன்னும் உரக்கச் சொன்னேன்.

"நாலு நாளா விசில் அடிக்குது. சாதம்தான் இன்னும் வேகல," என்றார். நான் அழுதேன். "சும்னே அழாத. இங்க பாரு." மேஜையில் அந்தப் பெட்டி இருந்தது. கோடு கீறிய இடத்தில், லேத்தில் கடைந்த ஒரு பித்தளைத் துண்டைத் திருகி வைத்திருந்தார். குமிழைத் திருப்பினால் அதில் முட்டி நிற்கும். திருப்பிப் பார்க்கச் சொன்னார். நின்றது.

"என்னை நம்பலையாண்ணா?"

"உன்னை ரொம்பப் பிடிக்கும். பித்தளையை நம்புவேன்."

அண்ணனின் காரியம் முடிந்த ஒரு வாரத்தில் கலா அக்கா, அவர் மனைவி, என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் பெட்டியையும் மஞ்சள் இயர்போனையும் கையில் கொடுத்தார். அவர் காதைக் கெடுக்கப் பார்த்தவள் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். "தெரியும், சொல்லியிருக்காரு," என்றார். "சமையல்கட்டுல இருந்து நான் மெதுவா கூப்பிட்டாலும் கடைசி வரைக்கும் என்னன்னு கேட்டாரு. அது போதும் எனக்கு."

போன ஞாயிற்றுக்கிழமை அவர் இல்லாத முதல் கச்சேரி. ஒரு புதியவர் பேட் தட்டினார், நன்றாகவே தட்டினார். அண்ணனின் பெட்டியையும் இயர்போனையும் நான் மாட்டியிருந்தேன்; அதன் பஞ்சு என் காதுக்குப் பெரியது, சின்னதாக வாங்கிப் பொருத்தியிருந்தேன். பழக்கத்தில் மைக்கில் ஏதோ கிசுகிசுத்தேன். என் குரல் என் காதுக்கே வந்தது. அதற்குப் பிறகு வர வேண்டிய 'டக்' எங்கோ சின்னதாக இருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்பதுபோல் இருந்தது. வால்யூமைக் கூட்டினேன். கூட்டிக்கொண்டே போனேன்.

குமிழ் பித்தளையில் முட்டி நின்றது. கையை எடுத்துக் கீபோர்டில் வைத்தேன்.