விதைப் பட்டறை

ஆண்டிமடத்து முந்திரிக்காட்டிலிருந்து பெரம்பலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். இங்கே எல்லாமே சின்ன வெங்காயம்தான். மாசியில் பிடுங்கியதில் நல்ல காயாகப் பொறுக்கி, தாளோடு கட்டி, காட்டிலேயே பட்டறை போட்டு வைப்பார்கள். குச்சியும் சோளத்தட்டையும் கொண்டு காற்றுப் புகும்படி கட்டிய நீளக் குடில் அது. ஐப்பசியில் நடுவதற்கான விதை அதற்குள் இருக்கும். நாள் பார்க்காமல் அதை யாரும் பிரிக்கக் கூடாது. குழம்புக்குக்கூடக் கடையில்தான் வெங்காயம் வாங்குவோம்.

அந்தப் புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் பட்டறையைத் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்தி, ஓரமெல்லாம் மண் அணைத்துவிட்டார். ஒரு சொட்டு இறங்காது என்று பெருமை வேறு. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தும் எடுக்கவில்லை. புல்லறுக்கப் போன எனக்குப் புளித்த வாடை வந்தது. தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டேன். வெந்நீர்ப் பானைபோல் புழுங்கியது. வீட்டுக்கு ஓடிவந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"உள்ள அழுகிப் போவுதுங்க. பிரிச்சிடலாம்."

"முந்திரிக்கொட்ட பொறுக்குனவளுக்கு வெங்காயத்தப் பத்தி என்னடி தெரியும்?" என்றார் மாமியார். "நாள் பாக்காம கை வச்சா வெள்ளாம வூடு வந்து சேராது."

வீட்டுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வாடை கூடியது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நான் பிரித்து, மழையும் கொட்டி, உள்ளே எல்லாம் நன்றாக இருந்துவிட்டால்? விதையும் போச்சு, இந்த வீட்டில் என் பேச்சும் போச்சு. ஆனாலும் தெரிந்தே விதையைச் சாகவிட மனசு வரவில்லை. அரிவாளால் தார்ப்பாய்க் கயிற்றை அறுத்தேன்.

ஆவியும் நாற்றமும் முகத்தில் அடித்தன. மேலிருந்த கட்டெல்லாம் கூழாகிக் கையில் ஒட்டியது. ஓடிவந்த மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னாலேயே வீட்டுக்காரரும் வந்தார். மூன்று பேருமாக அள்ளி, கெட்டதைக் கழித்து, தூறல் விழுவதற்குள் நல்லதை வீட்டுக்குள் பரப்பினோம். பாதிதான் தேறியது.

ஐப்பசியில் பாதிக் காட்டில் நட்டோம். மீதி வெறுங்காடாகக் கிடந்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வந்தது. சொன்ன அன்றே கேட்டிருக்கலாம்.

ஒருநாள் பக்கத்துக் காட்டுக்காரம்மா வரப்பில் நின்று மாமியாரிடம் கேட்டார்: "ஒம் மருமவ நாள் பாக்காம பட்டறயப் பிரிச்சாளாமே? அதான் பாதி தரிசாக் கெடக்கா?"

நான் களைக்கொத்தைக் கீழே போட்டு நிமிர்ந்தேன். மாமியார் முந்திக்கொண்டார்.

"மீதி பாதி பச்சையா நிக்கிதுல்ல? அது அவ பிரிச்சதாலதான்."