தூணுக்குப் பின்னால் நின்ற மஞ்சள் புடவை

2018-ஆம் வருடம், நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஒரு சனிக்கிழமை காலை. என் மருமகள் சென்னையில் நடந்த உணவு வியாபாரிகள் மாநாட்டில் ஸ்டால் போட்டிருந்தாள். தன் அம்மா ஊரான காடாம்புலியூரில் நாலு பெண்களை வைத்து மசாலா முந்திரி வறுத்து விற்பவள். "ஒரு ஆர்டர் கூட கெடைக்கலன்னா அடுப்ப மூடிடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மாநாட்டை ஃபேஸ்புக்கில் லைவாகக் காட்டினார்கள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிய மகனின் போனை எடுத்துக்கொண்டேன். கூட்டம், கைதட்டல், புதுப்புது ஸ்டால் என்று வந்துகொண்டே இருந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்கள் மாதிரி நாற்காலி நுனிக்கே வந்துவிட்டேன்.

கேமரா நகர்ந்தது. ஒரு தூணுக்குப் பின்னால் நம்ம ஆள்! பக்கத்து ஸ்டால்களில் தட்டில் வைத்து, ஊட்டிவிடாத குறையாகக் கொடுக்கிறார்கள். இவளோ பாக்கெட்டுகளைக் கொலு மாதிரி அடுக்கிவிட்டு, கைகட்டி நிற்கிறாள். முழுப் பருப்பெல்லாம் விற்க, உடைசல்தான் வீட்டுக்கு என்று வளர்ந்தவள். பிரிக்க மனசு வரவில்லை.

போன் போட்டேன், எடுக்கவில்லை. எனக்கு எழுத வராது. ஆனால் லைவுக்குக் கீழே கமெண்ட் போடும் இடத்தில் மைக் படத்தை அமுக்கிப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும். அங்கே யாராவது பார்த்து அவள் காதோடு சொல்வார்கள் என்று நம்பிப் பேசினேன்: "அடியே மஞ்சப் பொடவ, தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிகினு என்னடி பண்ற? பாக்கெட்ட பிரிச்சி எல்லாருக்கும் குடுடி, கஞ்சப் பிசினாரி!"

மேடையில் கமெண்டுகளை வாசித்துக்கொண்டிருந்த பெண் அதை என் மகன் பெயரோடு அப்படியே மைக்கில் வாசித்துவிட்டார். அரங்கமே திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. அவள் முகம் செத்துப்போனது. சத்தம் கேட்டு எழுந்த மகன், "எம்மா, எம் பேர்ல இன்னாம்மா போட்டு வச்சிருக்க?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

அதற்குள் மைக் அவளிடம் போயிருந்தது. மெல்லச் சிரித்தாள். "அது எங்க வூட்டுக்காரர் இல்லீங்க, எங்க அத்தை! வாங்க, அவங்களுக்கே குடுக்காத பருப்ப உங்களுக்குக் குடுக்கறேன்" என்று பாக்கெட்டைக் கிழித்தாள். கூட்டம் மொய்த்துவிட்டது. நான் இங்கே கைதட்டிய தட்டலில் பக்கத்து குவார்ட்டர்ஸ் கதவு திறந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "அத்தை, ஒரு பேக்கரிக்காரர் மாசாமாசம் கேட்டிருக்கார்! ஆனா வூட்டுக்கு வந்து உங்களுக்கு இருக்குது கச்சேரி."

அன்று அவள் சிரிக்காமல் இருந்திருந்தால், நான் கேலி என்று நினைத்துச் சொன்னது ஊர் முன்னால் அவமானமாகவே நின்றிருக்கும். என் வாய் இன்றுவரை அடங்கவில்லை, ஆனால் திறக்கும் முன் எதிரில் இருக்கிறவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.