நோட்டீஸில் இருந்த பன்னிரண்டு பெண்கள்

பன்னிரண்டு பேர் வேண்டும் என்றார்கள். பத்து நாளில் சேர்த்துத் தருகிறேன் என்று சொன்னது நான். யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பி.யு.சி. முடித்துவிட்டு வாலாஜாபாத்துக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாராவது ஒரு வேலையைப் பற்றி வாயைத் திறந்தாலே போதும், அது என்ன வேலை என்று தெரிவதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுவேன்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்து, எங்கள் ஊர்ப் பெரிய ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. இளைஞர் மன்றத்துச் செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. காணும் பொங்கலன்று ஊர்சனம் எப்படியும் ஏரிக்கரைக்கு வரும். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டரும் பிள்ளைகளும் சேர்ந்து மூங்கில் தப்பையிலும் காத்தாடிக் காகிதத்திலும் ஆள் உயரத்துக்கு ஆறு உருவங்கள் செய்வது. மீன், ஆமை, நாரை, ஜோடி மாடு, இப்படி. ஆறையும் ஆறு வாழைமரத் தெப்பங்களில் நிறுத்தி, கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்க வரிசையாக விடுவது. தெப்பத்துக்கு இரண்டு பேர் துடுப்புப் போட வேண்டும். கூலி கிடையாது, ஊருக்காகச் செய்கிற காரியம்.

செயலாளர் வேறு யாருமில்லை, என் தோழியின் அண்ணன். அவளும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அதனால்தான் அவர்கள் வீட்டு முற்றத்தில் நடந்த அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

முதலில் மன்றத்துப் பையன்களைத்தான் ஏற்றிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நீச்சல் தெரியும், தெப்பம் விடத்தான் தெரியாது. கரைப் பக்கம் ஆழம், கழி தரையைத் தொடாது. துடுப்புப் போட்டால் தெப்பம் நின்ற இடத்திலேயே சுற்றியது. அந்த நேரம் பார்த்து இலைக்கார அக்கா கரைமேல் வந்தார். அவருக்கு ஏரியில் தாமரை இலை பறித்து வாலாஜாபாத் ஓட்டல்களுக்குக் கட்டுக்கட்டாகப் போடுகிற வேலை. தலையில் கட்டோடு நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னாப்பா, ஏரியில மாவாட்டிக்கினு கீறீங்க?"

கரை முழுக்கச் சிரிப்பு. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இந்த அக்கா நாலு வாழைமரத்தைச் சேர்த்துக் குத்திய தெப்பத்தில், கருக்குச் சீவிய பனைமட்டையைத் துடுப்பாகப் பிடித்துக்கொண்டு, தினமும் விடிந்ததும் இந்த ஏரியைக் குறுக்கே கடக்கிறார். அவரைப் போல இன்னும் நாலைந்து பேர் உண்டு. இவர்களை விட்டுவிட்டு இந்தத் தடியன்களை ஏன் சுற்ற விடுகிறோம்?

"பொம்பளைங்க ஓட்டட்டும்" என்றேன்.

செயலாளர் என்னையே பார்த்தார். பிறகு தொடையில் தட்டினார். "அட, இதான் மேட்டரு! பக்கத்து ஊர்க்காரன்லாம் ஓடியாருவான் பாரு."

அடுத்த வாரமே காஞ்சிபுரத்திலிருந்து ரோஸ் கலரில் நோட்டீஸ் அச்சாகி வந்தது. "முழுக்க முழுக்கப் பெண்களே தெப்பம் செலுத்தும் ஏரிக் கலைக் காட்சி". ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையம் வரை ஒட்டினார்கள். ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடைச் சுவரில் அதைப் பார்த்த அன்று, வேண்டுமென்றே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ் வரும்வரை அதன் எதிரிலேயே நின்றேன்.

ஆள் சேர்ப்பது நான் நினைத்த மாதிரி இல்லை. ஒரு வீட்டில் மாமியார் வாசலிலேயே மறித்தார். "தெப்பத்துல ஏறி ஆட்டம் போடறதுக்கா எம் மருமவளைக் கூப்புடற? வூட்டுல எருமை கீது, அதுக்குத் தண்ணி காட்டச் சொல்லு மொதல்ல." இன்னொரு வீட்டில் பெண்ணுக்கு ஆசை, அவள் புருஷன் ஊரில் இல்லை. அவன் வந்ததும் கேட்கலாம் என்றாள். நான் பஸ் ஏறி அவன் வேலை செய்த அரிசி மில்லுக்கே போய்க் கேட்டேன். பயந்துபோய்ச் சரி என்று சொல்லிவிட்டான். யாரோ ஆபீசர் அம்மா என்று நினைத்தானாம்.

இலைக்கார அக்காதான் கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. "போ பாப்பா. நான் தெப்பம் வுடறதை இன்னாத்துக்கு ஊரு பாக்கணும்? தெனமும்தான் வுடறேன், எவன் பாக்கறான்?"

"அதுக்குத்தாங்க்கா. ஒரு நாளாவது பாக்கட்டும்."

இலைகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெசமா எங்களையே வுடுவாங்களா? அப்பால கடைசி நேரத்துல வாணாம்னு சொல்ல மாட்டாங்களே? எங்கம்மா வூட்டுக்குச் சொல்லியனுப்புவேன். வடக்குப்பட்டுலருந்து வண்டி கட்டிக்கினு வந்துரும் அது."

"நான் சொல்றேன்க்கா. உங்களுக்கு மூணாவது தெப்பம், நாரை. முன்னாடி நீங்கதான்."

நான்தான் சொன்னேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

தோழியையும் என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் ஆனோம். இரண்டு வாரம், வெயில் ஏறுவதற்குள் பயிற்சி. முன்னால் இருப்பவளும் பின்னால் இருப்பவளும் ஒரே நேரத்தில் துடுப்பை இறக்கினால்தான் தெப்பம் நேராகப் போகும். ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஆளுக்கொரு வேகம். நானும் தோழியும் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். வாலாஜாபாத் பஸ்ஸில் கண்டக்டர் கத்துகிற மாதிரி, ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு ஸ்டாப்பிங். ஒரகடம்! பண்ருட்டி! எழிச்சூர்! வாரணவாசி! வாலாஜாபாத்! முடிந்ததும் மறுபடியும் ஒரகடம். சந்தைக்குப் போகிற பெண்கள், யாருக்கும் வரிசை தப்பாது. முதல் நாள் சிரித்துச் சிரித்தே இரண்டு தெப்பம் சாய்ந்தது. நாலாம் நாள் ஆறு தெப்பமும் நூல் பிடித்த மாதிரி போயின. "டிக்கிட்டு எடுத்தியாடி?" என்று ஒரு தெப்பத்திலிருந்து கத்தினால், "பாஸு கீது, போடி!" என்று அடுத்த தெப்பத்திலிருந்து பதில் வரும்.

காணும் பொங்கலுக்கு முந்தின நாள் செயலாளர் என்னிடம் வந்தார். "எல்லாரும் நாளைக்கு மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்துருங்கம்மா. ஒரே மாதிரி பொடவை குடுக்கறோம். மேளம் வெச்சு அங்கருந்து ஊர்வலமா இட்டுகினு போறோம்." நான் ஓடிப்போய் வீடு வீடாகச் சொன்னேன்.

மூன்று மணிக்குப் பதினோரு பேர் வந்தோம். எல்லோர் தலையிலும் பூ. அரிசி மில்காரன் மனைவி கண்ணுக்கு மை வைத்திருந்தாள். இலைக்கார அக்காவை எண்ணெய் வைத்து வாரிய தலையோடு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என் தோழி மட்டும் வரவில்லை. நேராக ஏரிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

மூன்றரை ஆனது. புடவையும் வரவில்லை, மேளமும் வரவில்லை. பிறகு மேளச் சத்தம் கேட்டது, ஏரிப் பக்கத்திலிருந்து.

"ஒத்திகை பாக்கறாங்க" என்றேன். அப்படித்தான் நம்பினேன். அப்போது பள்ளிக்கூடத்து வாசல் வழியாக ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு கிழவர் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாமே, இங்க குந்திகினு கீறீங்க? தெப்பம் வுட்டாச்சு அங்க!" என்றார்.

பதினோரு பேரும் ஓடினோம். கரைமேல் ஏறினால் தலைகள்தான் தெரிந்தன. வல்லக்கோட்டைக் கிருத்திகைக்குக்கூட அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய்ப் பார்த்தேன். ஆறு தெப்பம், ஆறு உருவம். நாரையின் வெள்ளைக் காகிதம் வெயிலில் பளபளத்தது. ஒவ்வொரு தெப்பத்திலும் இரண்டு பெண்கள், மஞ்சள் புடவை, தலையில் முக்காடு, மண்டியிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இலைக்கார அக்கா என் தோளைப் பிடித்தார். "நாம இங்க கீறோம். அங்க போறது யாரு?"

முதல் தெப்பம் எங்களுக்கு நேரே வந்தது. புடவைக்குக் கீழே முட்டி போட்டிருந்த கால்கள் தெரிந்தன. முடி முளைத்த, பெரிய, ஆம்பளைக் கால்கள். மன்றத்துப் பையன்கள்! கூட்டம் கை தட்டியது. "பொம்பளைங்க இன்னா ஜோரா வுடறாளுங்க பாரு!" என்றார் பக்கத்தில் ஒருவர். அதைவிட மோசம், அவர்கள் உண்மையிலேயே நன்றாக விட்டார்கள். ஒருவனும் சுற்றவில்லை. எப்படி? காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மேளத்துக்கு நடுவே, குரலை மெல்லியதாக்கிக்கொண்டு பையன்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: எழிச்சூர், வாரணவாசி, வாலாஜாபாத்.

அது எங்கள் பன்னிரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதில் பதினோரு பேர் இங்கே கரையில் நின்றோம்.

தெப்பம் கட்டுகிற துறையில் அவளைக் கண்டுபிடித்தேன். ஈரப் புடவையோடு இறங்கிய ஒருவனுக்குக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை எடுத்தாள்.

"எப்போ சொல்லிக் குடுத்தே?"

"சாயந்தரத்துல. ஊருக்கு அந்தாண்ட, சித்தேரியில."

"எத்தினி நாளா?"

"ஒரு வாரமா." தரையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள். "அண்ணன் கேட்டாரு. மாட்டேன்னு சொல்லிட்டு நான் எந்த வூட்டுக்குப் போறது? உனுக்கு இன்னா, உங்கப்பா வாலாஜாபாத்துக்கு அனுப்பறாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்டி! கோயில்ல வேண்டிக்கினு வந்த மாதிரி எல்லாரும் பூ வெச்சிக்கினு ஒக்காந்திருந்தாங்க!"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஊரையே கூட்டிருப்ப."

அவளுடைய அண்ணன் நடுவில் வந்தார். கோபமே இல்லை அவருக்கு, அதுதான் எரிச்சல். "தோ பாரும்மா, பெரியவங்கல்லாம் ஒரு மாதிரி பேசறாங்க. நனைஞ்ச பொடவையோட நம்ம வூட்டுப் பொம்பளைங்க இத்தினி சனம் முன்னாடி ஏறி எறங்கறதான்னு. நாளைக்கு ஒருத்தன் ஒண்ணு சொன்னா நீயா பதில் சொல்லுவ? நோட்டீஸ்ல பொம்பளைங்கன்னு போட்டாச்சு, மாத்த முடியாது. அதான் இவனுங்களுக்குப் பொடவை. ஐடியா உன்னிதுதான், மன்றத்துல சொல்றேன்."

பக்கத்தில் நின்ற டிராயிங் மாஸ்டரைப் பார்த்தேன். "நான் பொம்மைக்குத்தாம்மா பொறுப்பு" என்றார்.

மைக் மேடை பத்து அடி தூரத்தில் இருந்தது. ஏறிச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த முக்காடுகளை ஊர் முன்னால் விலக்கிக் காட்டச் சொல்வது. இரண்டு அடி வைத்திருப்பேன், இலைக்கார அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வாயத் தொறக்காத பாப்பா."

"ஏன்க்கா? உங்களை ஏமாத்தியிருக்காங்க!"

"எங்கம்மா வந்துகீது. புளியமரத்தாண்ட, வண்டியில. மாமன் பொண்டாட்டியும் வந்துகீறா." சொல்லிக்கொண்டே துறையில் இறங்கினார். முழங்கால் வரை தண்ணீரில் நின்று புடவையை நனைத்தார். இரண்டு கையாலும் அள்ளி இடுப்பில், முதுகில் தெளித்துக்கொண்டார். தலையில் இருந்த பூவைக் கொஞ்சம் கலைத்துவிட்டார். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு புளியமரத்துக்கு நடந்தார்.

வண்டியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "வாடி எம்மா! நல்லா வுட்ட!"

"மஞ்சப் பொடவைய திருப்பி வாங்கிக்கினாங்கம்மா" என்றார் அக்கா, மூச்சு வாங்குகிற மாதிரி. "சொல்லு பாப்பா. மூணாவது தெப்பத்துல முன்னாடி வுட்டது நான்தானே?"

வண்டியில் இருந்த இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என் மணிக்கட்டை விடவில்லை, அவர் கை ஈரமாக இருந்தது.

"ஆமாம்மா" என்றேன். "நாரைத் தெப்பம். முன்னாடி."

"அதை நீ சொல்லணுமா? எம் பொண்ணு முதுகு எனுக்குத் தெரியாதா? தூரக்க வர்றப்பவே இவகிட்ட காட்டினேன், தோ, அதான்னு!"

அதற்குப் பிறகு மேடைக்கு எப்படிப் போவது?

ஆனாலும் என்னால் விட முடியவில்லை. வகுப்பில் உட்கார்ந்து, சுருக்கமாக எழுதத் தெரியாமல், பஞ்சாயத்து யூனியனுக்கு இரண்டு பக்க மனு டைப் அடித்தேன். பொது நிகழ்ச்சியில் பொய் விளம்பரம், பதினோரு பெண்களுக்கு அவமானம். ஊருக்குத் திரும்பிய பஸ்ஸில், சந்தைக்குப் போய்விட்டு வந்த தோழி மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை, இன்றுவரை திரும்பவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு முதலில் இலைக்கார அக்காவிடம்தான் போனேன். மை டப்பாவும் கொண்டுபோயிருந்தேன்.

முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். இலைக் காம்புகளைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் கரீட்டாதான் கீது. ஆனா நான்தான் வுட்டேன்னு சொல்லிட்டேனே பாப்பா. எங்கம்மா வடக்குப்பட்டு பூரா சொல்லிக்கினு கீது. இப்போ வுடலன்னு எப்டி கைநாட்டு வெக்கிறது? நீயும் ஆமான்னுட்ட."

மை டப்பாவை மூடினேன். மற்ற ஒன்பது பேரிடம் நான் போகவில்லை.