சித்தேரிப் பாட்டு

விடியும் முன்பே வலையைக் கட்டிவிட்டு, மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள் தேன்மொழி. பறவை விழுந்தால் பதறாமல் எழுந்து போவாள். கழுத்தை இரு விரல்களுக்கு நடுவே இதமாகப் பிடித்து, சிறகின் அடியில் ஊசிமுனையால் தொட்டு, ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாள். "ஆச்சு சாமி, ஆச்சு. வூட்டுக்குப் போயிடலாம்" என்பாள். காலில் வண்ண வளையம் மாட்டி விட்டுவிடுவாள். வத்தல்மலையில் அவள் அதிகம் பேசுவது இந்தப் பறவைகளிடம்தான்.

பிறந்தது சித்தேரி மலையில். கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போன கணவன் அங்கேயே வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டான். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். அண்ணி முகம் கொடுக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் பெங்களூரிலிருந்து பறவை ஆராய்ச்சிக்கு வந்த பானுமதி அவளை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். இரண்டு வருடம் சித்தேரியில்; பிறகு வத்தல்மலையில். இங்கே கோவிந்தம்மாள் வீட்டின் பின்னறை வாடகைக்கு. ரீசார்ஜ் முடியப்போகிறது என்று சொல்லும் பதிவுக் குரலைத் தவிர, சாயங்காலங்களில் அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

வளைந்த மூக்குள்ள சிலம்பன்தான் பானுமதி ஆராயும் பறவை. காட்டு நிழலை விட்டு வெளியே வராது. இரண்டு மலைகளுக்கும் நடுவே பொம்மிடி ரயில் பாதை, மரவள்ளித் தோட்டங்கள், வெட்டவெளி. அதைத் தாண்டாமலே காலம் போனதில் இரு மலைப் பறவைகளின் ரத்தமும் வேறாகிவிட்டது, பாட்டும் வேறாகிவிட்டது. சித்தேரிப் பறவை கடைசிச் சுரத்தை நீட்டி இழுக்கும். வத்தல்மலைப் பறவை வெட்டி நிறுத்தும். ஆண் முடிக்கும் இடத்தில் பெண் சேர்ந்துகொள்ளும். ஒரு மலையின் பாட்டை மற்ற மலையில் ஸ்பீக்கரில் போட்டால் எந்தப் பெண்ணும் வாய் திறப்பதில்லை.

புரட்டாசியில் ஒரு காலை, காப்பித் தோட்டத்து ஓரம் இழுத்துப் பாடும் குரல் கேட்டது. பைனாகுலரில் பார்த்தாள். காலில் சிவப்பும் மஞ்சளுமாக வளையங்கள். சித்தேரியில் அவள் கையால் மாட்டியவை. பானுமதிக்குப் போன் செய்தாள்.

"மேடம், எங்கூர்க்காரன் ஒருத்தன் இங்க வந்துட்டானுங்க."

பானுமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படியொரு பறவை தாண்டி வந்து யாரும் பார்த்ததில்லை என்றாள்.

அது தனியாகவே பாடியது. ஒரு பெண்ணும் சேர்ந்துகொள்ளவில்லை. வலை எங்கே இருந்தாலும் தேன்மொழி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய் நின்று கேட்டாள். சித்தேரிப் பெண் பறவையின் குரல் அவள் பதிவுக் கருவியில் இருந்தது. போட்டால் ஓடி வந்துவிடும். ஒருநாள் பட்டன்வரை விரல் போனது. "வந்து பாத்து, அங்க யாருமில்லன்னா அதுக்கு எப்படிங்க இருக்கும்" என்று அன்றைக்குக் கோவிந்தம்மாளிடம் சொன்னாள். போடவில்லை.

கார்த்திகை மழையில் வேலை நின்றது. மழை விட்டபின் அந்தக் குரல் இல்லை. வல்லூறு தூக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடையோரமெல்லாம் தேடினாள். மாசியில், ஒரு ஜோடி சேர்ந்து பாடுவதைக் கேட்டு அண்ணாந்து பார்த்தாள். ஆணின் காலில் சிவப்பும் மஞ்சளும். ஆனால் அது பாட்டை வெட்டி நிறுத்தியது, வத்தல்மலைக்காரன் மாதிரியே. பக்கத்தில் இருந்த பெண் உடனே சேர்ந்துகொண்டது.

அந்த ஜோடிக்குப் பிறந்த குஞ்சின் ரத்தம் பெங்களூர் போய் முடிவு வந்தது. "சித்தேரி ரத்தம் இங்க கலந்துடுச்சுக்கா. பெரிய விஷயம் இது" என்றாள் பானுமதி.

"நல்லதுங்க மேடம். இழுத்துப் பாடுறது அதுக்கு மறந்தே போச்சுங்களா?" என்று கேட்டாள். மறந்திருக்கலாம், தேவைப்படாமலும் போயிருக்கலாம் என்றாள் பானுமதி.

மறுநாள் காலை மரத்தடியில் பதிவுக் கருவியை இயக்கி, வழக்கம்போல் இடத்தையும் தேதியையும் சொன்னாள். ஜோடி பாடியது, பறந்து போனது. அவள் கருவியை நிறுத்தவில்லை. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கடைசிச் சுரத்தை நீட்டி இழுத்துச் சீட்டியடித்தாள். பிறகு மைக்கைக் காட்டுப் பக்கம் திருப்பிப் பிடித்தபடி, கை வலிக்கும்வரை நின்றாள்.