பதிவேட்டில் அக்கா வீடு

எங்கள் நகரமைப்பு அலுவலகத்தில் அவருக்கு மஞ்சள் என்று பெயர். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று காட்டும் நகர வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவது அவர் வேலை. குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்கூடங்களுக்கு ஊதா. ஊரில் பாதிக்கு மேல் வீடுகள்தானே, சட்டைக் கைநுனியில் எந்நேரமும் மஞ்சள் ஒட்டியிருக்கும். "காமாலை இன்னும் குணமாகலையா?" என்று கேட்பேன். சிரிப்பார். கோபப்படவே தெரியாதவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அதனாலேயே அவரைக் கூடுதலாகச் சீண்டினேன். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவருடைய அக்கா அதற்கு நேர்மாறு. தாய் தகப்பன் போனபின் தம்பியை வளர்த்தவர். கணவரும் சீக்கிரமே போய்விட, வீட்டின் முன்னறையில் மாவு மில் ஓட்டினார். அந்த மில் ஓடித்தான் தம்பி படம் வரையப் படித்தார். மில் இரைச்சலில் அக்காவுக்குக் காது மந்தம், பேச்சோ தெருக்கோடி வரை கேட்கும். "அக்கா ரகசியம் சொல்லணும்னா லெட்டர்தான் போடணும்" என்பார் தம்பி. ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு விடுமுறை. அன்று அவருக்குச் சாப்பாடு அக்கா வீட்டில்தான்.

புது வரைபடம் போடுவதற்கு முன்னால் தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு கட்டடத்திலும் என்ன நடக்கிறது என்று பதிவேட்டில் எழுதி வர வேண்டும். அந்தப் பதிவேடு லேசுப்பட்டதல்ல. அதில் மில் என்று எழுதியிருந்தால், தெருவே குடியிருப்புப் பகுதியானாலும் அந்த மில் பாட்டுக்கு ஓடலாம். வீடு என்று எழுதியிருந்தால் வீடு மட்டும்தான். அக்காவின் தெரு இவர் பங்கில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போனவர், கையோடு பதிவேட்டையும் எடுத்துப் போனார். மற்ற வீடுகளில் கதவைத் தட்டி விசாரித்து எழுதியவர், அந்த ஒரு வீட்டில் மட்டும் யாரையும் எதையும் கேட்கவில்லை.

ஆட்சேபம் சொல்ல அறுபது நாள் அவகாசம் கொடுத்து, புது வரைபடத்தின் வரைவை அலுவலக வாசலில் ஒட்டினோம். பசை தடவி ஒட்டியதே அவர்தான். ஊரில் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை. வரைபடம் அரசாணையாகி வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் அடுக்குமாடி எழும்பியது. குடிவந்தவர்கள் இரைச்சல் என்று புகார் கொடுத்தார்கள். முப்பது நாளில் மில்லை அப்புறப்படுத்தச் சொல்லி நோட்டீஸ் போயிற்று. மறுநாளே அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டார்.

"ஏண்டா தம்பி, உன் ஆபீஸ்ல இருந்தே எனக்கு லெட்டர் வந்திருக்கு!"

கூடமே திரும்பிப் பார்த்தது.

"நான் பாத்துக்கறேன், நீ வீட்டுக்குப் போக்கா" என்று அனுப்பிவிட்டு, "பதிவேட்டைக் காட்டினா முடிஞ்சது" என்றார் என்னிடம். நான்தான் எடுத்து வந்தேன். அவர் விரல் வரிசையில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். 'வீடு' என்றிருந்தது.

"எந்த முட்டாள் எழுதினது இது?" என்று நான் கத்திய பிறகுதான் அது அவர் கையெழுத்து என்று கவனித்தேன். என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

அதிகாரியிடம் தன் தவறை எழுதியே கொடுத்தார். அதிகாரி கெட்டவர் அல்ல. "அந்த அறுபது நாளுக்குள்ள மில்லோட கரண்ட் பில்லை வச்சு ஒரு மனு குடுத்திருந்தா, ஒரே வரியில திருத்தியிருக்கலாமே. உங்களுக்குத் தெரியாததா? இப்ப வந்து நிக்கறீங்க, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்றார். மேலிடத்துக்கும் எழுதிப் பார்த்தோம். முடியாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

முப்பதாம் நாள் அவருடன் நானும் போனேன். இயந்திரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரெல்லாம் மாவு படிந்த முன்னறையில், இயந்திரம் இருந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. அக்கா வாசலில் நின்று சபித்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பாவிடா என் மில்லை வீடுன்னு எழுதினவன்? அவன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"நான்தான்க்கா" என்றார் அவர்.

"என்னடா? கேக்கலை, சத்தமா சொல்லு."

"நான்தான்க்கா எழுதினேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். மாடிகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வந்தப்பவாடா எழுதினே?"

"ஆமாக்கா!"

அதற்கு மேல் தம்பியால் அங்கே நிற்க முடியவில்லை. வண்டிப் பக்கம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா என்னைக் கையசைத்து அருகே கூப்பிட்டார். நான் குனிந்தேன்.

"இதனால தம்பி வேலைக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

தம்பிக்குக் கேட்டுவிடக் கூடாதென்று, என் காதோரத்தில் அவ்வளவு மெதுவாகக் கேட்டார்.