பிந்தித் துளிர்க்கும் செவ்வரத்தை

அன்று வீட்டின் பின் வளவில் நின்றவர்கள் நாலு பேர். நான், என் மனைவி, மேல்வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அண்ணை, அவருடைய மனைவி. எங்கள் சின்ன மகள் கீழே பேஸ்மென்றில் நித்திரையாகக் கிடந்தாள். அவளை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் அந்த வீடு. மே மாதம் முடியப்போகிறது, ஊர் முழுக்கப் பச்சை பிடித்துவிட்டது. பக்கத்து வளவு மேப்பிள் மரம் எங்கள் பக்கம் நிழல்கூட விழுத்தத் தொடங்கியிருந்தது. எங்கள் வளவில் நின்ற, செம்பருத்தி என்றும் சொல்கிற மூன்று செவ்வரத்தையும் மட்டும் வெறும் தடியாக நின்றன. அண்ணை மண்வெட்டியோடு வந்திருந்தார்.

"தங்கச்சி, உது பட்டுப்போச்சு. விறகுக்கோ வைச்சிருக்கிறியள்? புடுங்கிப்போட்டுக் கத்தரி வைப்பம்."

மனைவி போய்த் தடிகளுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

ஏன் நின்றாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய ஒரே தம்பியைக் கனடாவுக்குக் கொண்டுவர, கள்ள வழியால் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனிடம் ஒப்படைத்திருந்தோம். தம்பி கொழும்பிலிருந்து வெளிக்கிட்டது இலையுதிர் காலத்தில். அந்தக் கிழமையே இந்தச் செடிகளை என்னைக்கொண்டு வாங்குவித்தாள். சீசன் முடிகிறதென்று ஒரு கடைக்காரன் கார் நிறுத்துமிடத்தில் பரப்பிப் பாதி விலைக்குப் போட்டிருந்தான். தம்பி வந்து இறங்கினால், சொந்தக் கையால் வளர்த்த செவ்வரத்தம்பூவில் நூற்றெட்டுப் பூ மாலை கட்டி றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்குப் போடுவதாக நேர்த்தி. கடைப் பூ ஆகாது.

எங்கள் சொந்த ஊரில் செவ்வரத்தை வருடம் முழுக்க இலையோடு நிற்கும். இது பனி விழமுன்னமே இலையெல்லாம் கொட்டிவிட்டது. இப்படியும் ஒரு செவ்வரத்தை உண்டென்று எங்களுக்குத் தெரியாது. ஜனவரியில், ஆபிரிக்காவில் ஏதோ ஒரு பட்டினத்திலிருந்து தம்பி ரெலிபோன் எடுத்தான். "அக்கா, இஞ்ச சரியான வெக்கை" என்றான். அதுதான் கடைசி. ஏஜென்சிக்காரனைக் கேட்டால், "ஆள் பயணத்தில" என்ற ஒரே பதில்தான் வந்தது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தெரியாத விஷயமென்றால் எனக்குப் பயம் கூட. அடுப்பை அணைத்தேனோ என்று யோசித்துப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வருகிற ஆள். பாண் சுடும் ஃபக்டரியில் என்னோடு வேலை செய்த போர்த்துக்கேயப் பெண் ஒருத்திதான், இந்தச் சாதி எல்லாவற்றுக்கும் பிந்தித்தான் இலை விடும், பட்டையை நகத்தால் சுரண்டிப் பார், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

"அண்ணை, ஜூன் முடியுமட்டும் விடுங்கோ" என்று குனிந்து ஒரு தடியைச் சுரண்டிக் காட்டினேன். பச்சை தெரிந்தது.

அண்ணையின் மனைவி எட்டிப் பார்த்தார். "பச்சைதான். ஆனா இஞ்சாலை படியடியில நிக்கிறது, என்ன, எலி கறண்டின மாதிரிக் கிடக்கு?"

எலி நான்தான். ஏப்ரல் தொடங்கி, வேலைக்குப் போகுமுன் தினமும் சுரண்டியிருந்தேன். நேற்று இருந்த பச்சை இன்றைக்கும் இருக்குமோ என்ற யோசனை. படியடிச் செடிதான் கைக்கு வசதி. அதன் அடித்தண்டைச் சுற்றிப் பட்டை வளையமாகவே போயிருந்தது.

அண்ணை மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு மேலே போனார்.

ஜூன் நடுவில் வேலியோரத்து இரண்டும் துளிர்த்தன. படியடியில் நின்றது துளிர்க்கவில்லை. மனைவியின் கண்ணுக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தாள்.

"இது ஏன் விடேல்லை? சொல்லுங்கோ, இது மட்டும் ஏன் விடேல்லை?"

"அது நான் சுரண்டிச் சுரண்டிச் செத்தது."

"என்னது?"

"உயிர் இருக்கோ எண்டு பாத்தனான். ஒவ்வொரு நாளும்."

"விசர் மனிசன்! உயிர் இருக்கோ எண்டு பாத்துப் பாத்தே கொண்டுபோட்டியளே! நித்திரையாக் கிடக்கிற பிள்ளையின்ர மூக்கிலயும் கை வைச்சுப் பாக்கிற ஆள்! மற்ற ரெண்டையும் தொட்டியளெண்டால் கையை முறிப்பன்!"

ஏசிக்கொண்டு போகையிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு. கோப்பையைத் திரும்ப இழுத்துச் சாப்பிட்டாள். செடி பட்டது என் கையால் என்றால் தம்பிக்கு ஒன்றுமில்லை என்பது அவளுடைய கணக்கு. 

ஓகஸ்டில் பூத்தது. செடியோடு வந்த அட்டைப் படத்தில் சிவப்பு. பூத்ததோ வெளிறிய ஊதா, நடுவில் மட்டும் கருஞ்சிவப்பு.

"உது செவ்வரத்தையே, பிள்ளை?" என்று அண்ணையின் மனைவி கேட்டார். "பிள்ளையார் என்ன பூவெண்டு கேக்கப்போறார்."

"கனடாப் பிள்ளையார்தானே அக்கா. அவருக்கு உதெல்லாம் பழகியிருக்கும்."

தம்பி வந்து இறங்கும் நாளில் நூற்றெட்டுக்குப் பூப் போதாமல் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய கவலையாக இருந்தது. தினமும் காலையில் மொட்டு எண்ணினாள். குளிருக்கு முன் வந்துவிடுவான் என்று ஜக்கெற் ஒன்றும் வாங்கி, விலை அட்டை கழற்றாமல் தொங்கவிட்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு காலை ரெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன். ஆபிரிக்காவில் தம்பியோடு ஒரே அறையில் இருந்து, இப்போது சுவிஸ் வந்து சேர்ந்துவிட்ட ஒருவன். தம்பி பாடமாக்கிக் கொடுத்த எங்கள் நம்பரை மறக்காமல் வைத்திருந்திருக்கிறான்.

"அண்ணை, காய்ச்சல். டொக்டரிட்டைக் கொண்டுபோக விடேல்லை. ஆள் முடிஞ்சுது. அங்கயே தாட்டது. வெளியில சொன்னா உங்கட பயணமும் நிண்டிடும் எண்டு ஏஜென்சி ஆக்கள் எங்களை வெருட்டினவங்கள்."

"எப்ப?"

"மாசியிலயே, அண்ணை."

பின் கதவு திறந்திருந்தது. அவள் எண்ணும் சத்தம் கேட்டது. போய்க் கதவடியில் நின்றேன்.

"ஆர் ரெலிபோனில?" என்று பூவைப் பார்த்தபடியே கேட்டாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். எண்ணுவதை அதோடு விட்டாள்.

அந்தப் பூ விரிந்து ஒன்றிரண்டு நாள்தான் நிற்கும். பிறகு சுருட்டுப்போல இறுகச் சுருண்டு கீழே விழும். செப்டெம்பர் கடைசி வரைக்கும் பூத்துப் பூத்து விழுந்தது. அவள் ஒன்றும் பறிக்கவில்லை. வேலைக்குப் போகுமுன் நான் கூட்டி அள்ளினேன். கிரியைக்கு முப்பத்தோராம் நாளை எதிலிருந்து எண்ணுவது என்று ஐயரைக் கேட்டோம். செய்தி வந்த நாளிலிருந்து எண்ணச் சொன்னார். ஆளைப் புதைத்த இடத்தை யாரும் சொல்லவில்லை.

ஏஜென்சிக்காரனுக்குப் பயணக் காசில் பாதியை முன்னமே கட்டியிருந்தோம். அதைத் திருப்பிக் கேட்டேன்.

"பாதித் தூரம் கொண்டுவந்தனாங்கள்தானே" என்று சொல்லி ரெலிபோனை வைத்துவிட்டான்.

அந்தக் காசு வீட்டுக்கார அண்ணையிடம் கடனாக வாங்கியது. "ஆறுதலாத் தாங்கோ, தம்பி" என்றார் அவர். வாடகையோடு சேர்த்து மாதாமாதம் கொடுத்து வந்தேன். அந்த வருடம் முதல் பனி விழுந்தபோது இன்னும் கொடுக்க இருந்தது ஐயாயிரத்து நானூறு டொலர்.